எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் உடல் எடையும் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில், போகும்போதெல்லாம் எடை பார்ப்பார்கள். மெஷினை விட்டு இறங்கியதும் பலருக்கு முகம் வாடிவிடும். "போன தடவையை விட ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கே, இனி என்ன சாப்பிடணும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: எடை ஏன் குறைந்தது? காரணம் தெரியாமல் முட்டையும் பாலும் சொல்லி அனுப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான். அந்தக் காரணங்களைப் பற்றித்தான் கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை.

நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் உடம்பு தேறவில்லையே?

சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை என்றால் இரண்டு சந்தேகங்கள் வரும். ஒன்று, குடல் அதை முழுதாக உறிஞ்சவில்லை. இன்னொன்று, உடம்பு வழக்கத்தைவிட அதிகமாகச் செலவழிக்கிறது.

செலவைப் பற்றி முதலில். கிருமியோடு போராடுவதே உடம்புக்கு ஒரு வேலை. வேறு தொந்தரவு எதுவும் இல்லாத, எச்.ஐ.வி. தொற்றுள்ள பெரியவருக்கு வழக்கமான தேவையைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2003-ல் சொன்ன கணக்கு. காய்ச்சல், காசநோய் என்று ஏதாவது சேர்ந்துகொண்டால் அது 20 முதல் 30 சதவீதம் ஆகிவிடும். தினமும் 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு 10 சதவீதம் என்றால் 200 கலோரி. ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் ஒரு சின்ன வாழைப்பழமும் போதும், அந்தக் கணக்கு வந்துவிடும். பயப்படும் அளவுக்குப் பெரிய தொகை இல்லை. ஆனால் காய்ச்சலில் கிடக்கும்போது 400 முதல் 600 கலோரி கூடுதலாக வேண்டும், அப்போதுதான் ஒரு இட்லிகூட இறங்காது. எடை சரிவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

அப்புறம், 'நன்றாக' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூன்று வேளையும் வயிறு நிறையச் சோறும் ரசமும் சாப்பிடுபவரும் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றுதான் சொல்வார். வயிறு நிறைந்திருக்கும், தசை வளர்க்கத் தேவையான புரதம் போயிருக்காது.

கிருமி குடலை என்ன செய்கிறது?

எச்.ஐ.வி. தாக்குவது, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான சிடி4 அணுக்களை என்று பலருக்கும் தெரியும். அந்த அணுக்கள் ரத்தத்தில் இருப்பதைவிடக் குடலின் சுவரில்தான் மிக அதிகமாகக் குடியிருக்கின்றன. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே அங்கே பெரிய அழிவு நடந்துவிடுகிறது. குடலின் உட்புறத்தில் துண்டில் உள்ள இழைகளைப் போல நின்று சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிடும். கொழுப்பு சரியாக ஏறாது. கொழுப்போடு சேர்ந்து ஏற வேண்டிய ஏ, டி, ஈ வைட்டமின்களும் வீணாகும். பால் குடித்தால் வயிறு பொருமுவதும் பேதியாவதும் இதனால்தான் பலருக்கு வருகிறது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோயிருக்கும். தயிரும் மோரும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளும்.

மருந்து இல்லாத காலத்தில் இந்த மெலிவு எவ்வளவு கொடுமையாக இருந்தது என்றால், 1980-களில் உகாண்டாவின் கிராமங்களில் இந்த நோய்க்கே 'ஒல்லி நோய்' என்று பொருள்படும் பெயர்தான் வழங்கியது. மருத்துவத்திலும், வேறு காரணம் தெரியாமல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்து, நீடித்த பேதியோ காய்ச்சலோ சேர்ந்திருந்தால் அதை எய்ட்ஸ் நிலையின் அடையாளமாக வைத்தார்கள். இன்று கூட்டு மருந்தைத் தவறாமல் எடுப்பவருக்குக் குடல் மெல்ல மெல்லத் தேறுகிறது. முழுதாக இல்லாவிட்டாலும், எடை ஏறும் அளவுக்குத் தேறும். ஆகவே, சாப்பாட்டைப் பற்றிய எந்த ஆலோசனைக்கும் முன்னால் நிற்பது மாத்திரைதான்.

பசியே எடுப்பதில்லை. வாயில் வைத்தால் கசக்கிறது, விழுங்கினால் வலிக்கிறது.

கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பாருங்கள். தயிர் ஒட்டியது போல வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்று. அது தொண்டைக்குக் கீழே உணவுக்குழாய் வரை இறங்கியிருந்தால் விழுங்கும்போது நெஞ்சில் குத்தும். மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் சில நாட்களிலேயே குணம் தெரியும். இதைச் சொல்லாமலே "சாப்பிடப் பிடிக்கலை" என்று மாதக்கணக்கில் மெலிந்தவர்கள் உண்டு. சொத்தைப் பல்லும் இதே வேலையைச் செய்யும்.

வாயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பசி இல்லை என்றால் உள்ளே வேறு தொற்று இருக்கலாம். தொற்றின்போது உடம்பில் சுரக்கும் சில பொருட்களே பசியை அடக்கிவிடும். மனச்சோர்வும் அப்படித்தான். கணவரை இழந்த பிறகு, அல்லது ரிசல்ட் வந்த அன்றிலிருந்து, சரியாகச் சாப்பிடவே இல்லை என்று சொல்பவருக்குச் சத்துமாவு மட்டும் மருந்தாகாது. அதை ஆலோசகரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

அதுவரைக்கும், பசி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக, வெதுவெதுப்பாக: குழைந்த பருப்பு சாதம் நெய்விட்டு, கேழ்வரகுக் கூழ், இடியாப்பம், மசித்த வாழைப்பழம். வாய் ஆறும்வரை புளியையும் காரத்தையும் தள்ளி வையுங்கள்.

பேதி நிற்கவில்லை. கஞ்சித் தண்ணி மட்டும் குடித்தால் போதுமா?

போதாது. "வயித்துக்கு ஓய்வு கொடு" என்று பட்டினி போடுவது நம் ஊரில் பழகிய வழக்கம். நல்ல உடம்புக்காரர் இரண்டு நாள் தாங்குவார். ஏற்கனவே மெலிந்தவரை அது இன்னும் கீழே தள்ளும். வடிகஞ்சியில் உப்பும் நீரும் இருக்கிறது, சத்து மிகக் குறைவு.

ஓ.ஆர்.எஸ். கரைசல் குடித்துக்கொண்டே சாப்பிட வேண்டும். பாசிப்பருப்பு போட்டுக் குழைய வேகவைத்த கஞ்சி, தயிர் சாதம், வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு எல்லாம் சரிதான். பாலையும் எண்ணெயில் பொரித்ததையும் சில நாள் குறையுங்கள். சிடி4 எண்ணிக்கை மிகக் குறைவாக இருப்பவர்களுக்குக் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற குடல் ஒட்டுண்ணிகள் வாரக்கணக்கில் பேதியை இழுத்தடிக்கும். அதை மலப் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும். இரண்டு வாரம் தாண்டினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மையத்துக்கு வந்துவிடுங்கள். ரத்தமோ காய்ச்சலோ சேர்ந்திருந்தால், அல்லது சிறுநீர் குறைந்து தலை சுற்றினால், அன்றைக்கே வர வேண்டும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்பது பெரிய பாதுகாப்பு. சிடி4 ஏறும்வரை ஆஃப்பாயில், காய்ச்சாத பால், தெருவில் வெட்டி வைத்த பழம் மூன்றும் வேண்டாம்.

காசநோய்க்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்?

மிக நெருங்கிய சம்பந்தம். நம் நாட்டில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களைத் தாக்கும் தொற்றுகளில் முதலிடம் காசநோய்க்குத்தான். இருமல் இல்லாமலும் அது இருக்கலாம். எடை குறைவது, மாலையில் லேசான காய்ச்சல், ராத்திரி வியர்வை, கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் "இருமல் இருக்கா, காய்ச்சல் இருக்கா, எடை குறைஞ்சிருக்கா" என்று மையத்தில் கேட்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. தயவுசெய்து நின்று பதில் சொல்லுங்கள்.

மெலிந்த உடம்பில் காசநோய் எளிதாகப் பற்றுகிறது. பற்றிய காசநோய் உடம்பை இன்னும் மெலியவைக்கிறது. இந்தச் சுழலை உணவால் உடைக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வில், காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தபோது, வீட்டில் உள்ள மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சிகிச்சை தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் எடை ஏறிய நோயாளிகள் இறப்பதும் வெகுவாகக் குறைந்திருந்தது. எச்.ஐ.வி.க்காகவே நடத்தப்பட்ட ஆய்வு இல்லை அது. இருந்தாலும் இரண்டும் சேர்ந்து வாட்டும் உடம்புக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல வேண்டும்?

காசநோய் உறுதியானால், சத்தான சாப்பாட்டுக்கு அரசு பணம் தரும் நிக்ஷய் போஷண் திட்டத்தில் சிகிச்சை முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2018-ல் தொடங்கியபோது 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரில் இரட்டிப்பாக்கினார்கள். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்ட'த்தில், மிகவும் மெலிந்துபோனவர்களை முதல் நாளே அடையாளம் கண்டு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். உங்களை அட்மிட் ஆகச் சொன்னால் மறுக்காதீர்கள்.

இன்னொன்று. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு, கூட்டு மருந்தில் உள்ள டோலுடெக்ராவிர் மாத்திரையை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளையாக டாக்டர் மாற்றுவார். இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியசிட் எடுப்பவர்களுக்குக் கூடவே பி6 வைட்டமினும் தருவார்கள். அது இல்லாவிட்டால் கை கால் மதமதப்பும் எரிச்சலும் வரும். சின்ன மாத்திரைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

கூட்டு மருந்தே உடம்பை உருக்குகிறது என்கிறார்களே?

அந்தப் பேச்சுக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2004 ஏப்ரல் 1 அன்று நம் நாட்டில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் சானட்டோரியமும் ஒன்று. அன்றைய மருந்துகளில் ஸ்டாவுடின் இருந்தது. அது பலருக்குக் கன்னத்திலும் கை கால்களிலும் கொழுப்பைக் கரைத்து, முகத்தை ஒட்டவைத்துவிட்டது. பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை. சிடோவுடின் சிலருக்கு ரத்தசோகையையும் குமட்டலையும் கொடுத்தது. ஸ்டாவுடினை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது பெரும்பாலோர் எடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. அதைச் சாப்பாட்டுக்கு முன்னும் எடுக்கலாம், பின்னும் எடுக்கலாம். குமட்டல் வந்தாலும் பெரும்பாலும் முதல் சில வாரங்களோடு போய்விடும்.

கவனிக்க வேண்டியது இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் அசிடிட்டிக்குக் குடிக்கும் மருந்தையும்தான். இவை டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் ஏறவிடாது. அசிடிட்டி மருந்து எடுப்பதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ கூட்டு மருந்தைப் போடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதே இடைவெளி பொருந்தும். முடியாவிட்டால் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மட்டும் சாப்பாட்டோடு கூட்டு மருந்துடன் சேர்த்து எடுக்கலாம், வெறும் வயிற்றில் சேர்த்து எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இரும்பும் கால்சியமும் கட்டாயம் தருவார்கள் என்பதால் இது அவர்களுக்கு மிக முக்கியம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் இரண்டு டாக்டர்களுக்கும் சொல்லிவிடுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

எனக்கு எதிர்ப்பிரச்சினை. எடை ஏறிக்கொண்டே போகிறது.

இதுவும் இப்போது அடிக்கடி வருகிறது. முதலில் ஏறும் எடை, இழந்ததைத் திரும்பப் பெறுவது. நல்லது. ஆனால் டோலுடெக்ராவிர் எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு அதற்கு மேலும் ஏறுகிறது. பெண்களுக்குக் கொஞ்சம் அதிகமாக. "உடம்பு போட்டாத்தான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்று வேண்டுமென்றே அதிகம் சாப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் நம் மக்களுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் எளிதில் வரும், எச்.ஐ.வி. இதய நோய் அபாயத்தையும் கூட்டுகிறது. சோற்றின் அளவைக் குறைத்துக் காய், பயறு கூட்டுங்கள், தினமும் அரை மணி நேரம் நடங்கள். எடை ஏறுகிறது என்பதற்காக மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது.

மருந்துக்குப் பத்தியம் உண்டா?

இல்லை. கத்தரிக்காய், கருவாடு, கோழி, புளி, எதையும் விலக்க வேண்டியதில்லை. கூட்டு மருந்து எட்டாக்கனியாக இருந்த 1990-களில் தாம்பரத்தில் சித்த மருந்துகளும் கொடுத்தார்கள். சித்த மருந்து என்றால் பத்தியம் என்பது நம் மனதில் பதிந்த ஒன்று. அந்தப் பழக்கம் இந்த மாத்திரைக்கும் ஒட்டிக்கொண்டது போலும். மெலிந்தவர் முட்டையையும் மீனையும் பத்தியம் என்று ஒதுக்கினால் நேரடியாக நஷ்டம் அவருக்குத்தான். நாட்டு மருந்து ஏதாவது சேர்த்து எடுப்பவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மருந்துகள் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் கைவைக்கும்.

டப்பா பவுடர், வைட்டமின் மாத்திரை எல்லாம் வாங்க வேண்டுமா?

அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம்.

வைட்டமின் பற்றித் தான்சானியாவில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. கூட்டு மருந்து கிடைக்காத காலத்தில் பி, சி, ஈ வைட்டமின்கள் கர்ப்பிணிகளுக்கு நோய் முற்றுவதைத் தள்ளிப்போட்டதாக 2004-ல் வந்த முடிவு சொன்னது. ஆனால் கூட்டு மருந்து எடுப்பவர்களுக்கு அதிக அளவில் வைட்டமின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வந்தது. அதில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை, கல்லீரல் நொதி உயர்ந்ததுதான் மிச்சம். குறை இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் டாக்டர் எழுதித் தருவார்.

கையில் காசே இல்லையென்றால்?

இந்தக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. எனக்கு மிகவும் வலிப்பது இந்தக் கேள்விதான். மையத்துக்கு வரும் நாள் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் செலவு வேறு. காலையில் வெறும் வயிற்றில் கிளம்பி, மதியம் இரண்டு மணிக்கு மாத்திரையோடு திரும்புகிறார்கள். வீட்டில் இருக்கும் ஒரு முட்டை பிள்ளைக்கோ கணவருக்கோ போய்விடும், அம்மா கடைசியில் மிஞ்சிய குழம்போடு சாப்பிடுவார். இப்படிப்பட்ட வீட்டில் எடை குறைவதற்குக் கிருமியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. "பசியோடு மாத்திரை போட்டால் குடலைப் பிடுங்குது" என்று மாத்திரையையே தள்ளிப்போடுபவர்களும் உண்டு. அங்கிருந்துதான் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு, ஏறத் தொடங்குகிறது.

கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மாதம் தவறாமல் பருப்பை வாங்கிவிடுங்கள், அரிசியோடு பருப்பு சேரும்போது புரதத்தின் தரமே உயர்கிறது. மெலிந்தவர் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் 45 கலோரி கூடும். வீட்டுப் பக்கத்து முருங்கைமரத்துக் கீரை, மலிவாகக் கிடைக்கும் நாட்களில் மத்தி, நெத்திலிக் கருவாடு, பொட்டுக்கடலை, முளைகட்டிய பாசிப்பயறு, இவை போதும். ஆப்பிளும் மாதுளையும் வாங்க முடியவில்லையே என்று ஏங்க வேண்டாம், கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் ஆப்பிளைவிட எத்தனையோ மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. மாநகராட்சிப் பகுதியில் இருந்தால் அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பிள்ளைகளுக்கு அங்கன்வாடிச் சத்துமாவும், பள்ளியில் காலை உணவும், மதியம் முட்டையும் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சாப்பிட வழியில்லை என்பதை ஆலோசகரிடம் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சல் இருக்கிறது என்று சொல்வது போலத்தான் அதுவும், சிகிச்சைக்குத் தேவையான ஒரு தகவல்.

வீட்டில் எனக்குத் தனித் தட்டு வைக்கிறார்கள்.

தட்டு, டம்ளர், எச்சில், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது, எதனாலும் எச்.ஐ.வி. பரவாது. நீங்கள் சமைத்ததைச் சாப்பிட்டாலும் பரவாது. தனித் தட்டு வைக்கப்பட்டவர் பாதி வயிற்றோடு எழுந்துவிடுவார். அது நேராக எடையில் தெரியும். வீட்டில் ஒருவரை, அம்மாவையோ அண்ணியையோ, உங்கள் சம்மதத்தோடு மையத்துக்கு அழைத்து வந்தால் ஆலோசகரே பேசுவார். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நிலையை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதால், அந்த முடிவு உங்கள் கையில்தான்.

குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அம்மா கூட்டு மருந்தை ஒரு நாளும் விடாமல் எடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால், பசும்பால் எதுவும் நடுவில் கூடாது. இரண்டையும் கலந்து கொடுப்பதில்தான் தொற்று அபாயம் கூடுகிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு மசித்த உணவோடு தாய்ப்பாலைத் தொடரலாம். பால் கொடுக்கும் அம்மாவுக்கும் கூடுதல் சாப்பாடு வேண்டும்.

தொற்றுள்ள குழந்தை எடை இழந்தால் அதன் தேவை வழக்கத்தைவிட 50 முதல் 100 சதவீதம் கூடிவிடும். இரண்டு மாதம் எடை ஏறாமல் நின்றாலே காட்டிவிடுங்கள்.

எப்போதாவது குடித்தால்?

குடித்த அன்று சாப்பாடும் தவறும், மாத்திரையும் தவறும். காசநோய் மருந்தும் சேர்ந்திருந்தால் கல்லீரல் தாங்காது. விட முடியவில்லை என்றால் திட்ட மாட்டார்கள், சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

அடுத்த முறை வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

மூன்று நாள் சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத வராவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். டீ, வடை, விட்டுப்போன வேளை எல்லாம் அதில் இருக்கட்டும். வேறு எங்காவது வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும் எடுத்து வாருங்கள். 50 கிலோ இருந்தவர் மூன்று மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்திருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. வரும் நாளில் இரண்டு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் கடலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வரிசை நீளமாக இருக்கும்.